வலம் வந்த குளம்

ஆவுடைப்பேரிக் குளம் சுற்ற ஆரம்பித்தது ஐப்பசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில். யாரோ ஒருத்தியின் சோப்பு டப்பா கை நழுவித் தண்ணீரில் விழுந்து, இலை அசையக்கூடக் காற்றில்லாத அந்தக் காலையில், கரையோரமாகவே கிளம்பி, மடையைத் தாண்டி, பனைகள் நிற்கும் மேலக்கரையைத் தாண்டி, எருமைகள் கிடக்கும் சேற்றுப் பக்கத்தையும் தாண்டி, ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, அவள் துவைத்ததையெல்லாம் காயப்போட்டு முடிப்பதற்குள் அவள் காலடிக்கே திரும்பி வந்தது. அவளும் அதை எடுத்துத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்ததே அவர்களுக்குப் போதுமான ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன்னால் பல வருஷமாக ஆகாயத்தாமரை ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் குளத்தை மூடிக் கிடந்தது. தரை என்று நம்பிக் கால் வைத்த கன்றுக்குட்டிகள் முங்கிச் செத்தன, சாயங்காலமானால் கொசு மேகம் மாதிரி எழுந்து வந்து வீடுகளுக்குள் புகுந்தது, வலை வீசினால் அது காயப்போட்ட சேலை மாதிரி செடிமேலேயே விரிந்து கிடந்தது. கடைசியில் புரட்டாசியில் ஒரு காண்ட்ராக்டர் ஆட்கள் படகும் டிரம்முமாக வந்து இறங்கி, குழாய் பிடித்துக் களைக்கொல்லி அடித்தார்கள். செடி மஞ்சளாகி, பழுப்பாகி, கருகி, அடியில் போயிற்று. அந்த ஆட்களுக்கு வாளி நிறைய மோர் கொண்டுபோய்க் கொடுத்துக் கும்பிட்டவர்களில் உலகம்மாளும் ஒருத்தி.

உலகம்மாளும் அவள் புருஷன் நம்பிராசனும் அந்தக் குளத்தில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். தெர்மாக்கோல் தெப்பத்தில் அவன் வலையை விடுவான், அவள் இழுப்பாள். கரைக்கு வந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பதும் அவள்தான். தண்ணீர் தெரிந்த முதல் நாளே தெப்பத்தை இறக்கியவள், முதல் மழைக்கு மீன் முட்டை போட்டுக் குஞ்சு பொரித்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தாள். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு பந்தாகத் திரண்டு மேலே வரும், தகப்பன் மீன் அடியில் காவல் நிற்கும். எந்த வருஷமும் பார்க்கிறதுதான். ஆனால் இந்த வருஷம் அந்தப் பந்து முன்னால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. கெண்டைக் குஞ்சும் சுற்றியது, கெளுத்திக் குஞ்சும் சுற்றியது. ஒரு செம்பில் கொஞ்சம் மொண்டு பார்த்தாள். ஒவ்வொரு குஞ்சும் புளியங்காய் மாதிரி ஒரே பக்கமாக, வலது பக்கமாக, வளைந்திருந்தது. நேராகப் போக நினைத்தாலும் அதன் உடம்பு அதை வட்டத்துக்குள் தான் இழுத்தது. குளம் முழுக்கக் கோடிக்கணக்கான குஞ்சுகள் இப்படி ஒரே திசையில் சுற்றச் சுற்ற, தண்ணீர் வேறு என்னதான் செய்யும், அதுவும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

செம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். தரையில் வைத்த செம்பும் மெதுவாகச் சுற்றியது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. ஒண்ணுகூட நேரா இல்ல."

நம்பிராசன் குனிந்து பார்த்தான். "குஞ்சுன்னா நெளியத்தான் செய்யும். வளந்தா நிமுந்துரும்."

"நெளியல. வளைஞ்சிருக்கு. அத்தனையும் ஒரே பக்கமா. அந்த மருந்து தான்."

"ஏட்டி, மருந்து செடிக்கு அடிச்சது. மீனுக்கா அடிச்சாவ?" என்றான் அவன், சுற்றுகிற செம்பைக் காலால் லேசாகத் தட்டி நிறுத்தப் பார்த்தபடி. அது நிற்கவில்லை.

ஊர், சுற்றுகிற குளத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. அழுக்குத் துணியை ஒரு மரக்கட்டையில் கட்டிப் படித்துறையில் விட்டுவிட்டுப் போனால், உலை கொதிக்கிற நேரத்தில் அது சுற்றி அலசித் திரும்பி வந்தது. அக்கரை வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தூக்குச்சட்டியைத் தெர்மாக்கோல் துண்டில் வைத்து அனுப்பினார்கள், அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் காலிச் சட்டியைப் போட்டால் அது மீதிச் சுற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கரையில் இருந்த சாஸ்தா கோயில் பூசாரி, குளம் வலமாகத்தான் சுற்றுகிறது, இடமாகச் சுற்றவில்லை, கவனிச்சியளா என்று எல்லாரையும் கேட்டு, சுவாமியின் உத்தரவு இல்லாமல் தண்ணீருக்கு வலம் இடம் எப்படித் தெரியும் என்று சொல்லி, முழங்கால் வலியால் பிரகாரம் சுற்ற முடியாதவர்களை லாரி ட்யூபில் உட்காரவைத்து, கையில் ஒரு பூவையும் கொடுத்துத் தண்ணீரில் தள்ளிவிட்டார். அவர்கள் கண்ணை மூடிக் கையைக் கூப்பியபடி மிதந்து போய்ச் சுற்றி வந்தார்கள். சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டியை ஆளுக்கு ஒரு ட்யூபில் ஏற்றிவிட்டால் இறங்கும்போது சமாதானமாக இறங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அதற்கும் கூட்டம் வந்தது. இருக்கிறதிலேயே பெரிய காரியம் மேட்டுத் தெருவில் நடந்தது. குளத்துக்கு மேலே இருந்த அந்தத் தெருவுக்கும் அதன் புன்செய்க் காடுகளுக்கும் எந்தக் காலத்திலும் மடைத் தண்ணீர் ஏறினதில்லை. அந்தத் தெருவில் வெல்டிங் வேலை தெரிந்த ஒருவன் பழைய டிராக்டர் ரிம்மில் டப்பாக்களைப் பற்றவைத்து ஒரு சக்கரம் செய்து குளத்து ஓரத்தில் நிறுத்தினான். குளம் சக்கரத்தைச் சுழற்ற, டப்பாக்கள் தண்ணீரை மொண்டு மொண்டு மேலே ஊற்ற, கரண்டும் இல்லாமல் மோட்டாரும் இல்லாமல், மேட்டுத் தெரு வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அன்றைக்கு அந்தத் தெருப் பெண்கள் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று அழுதார்கள்.

உலகம்மாள் விட்ட வலைகளைக் குளம் முறுக்கிக் கயிறாக்கித் திருப்பிக் கொடுத்தது. மருந்துக்குத் தப்பிய பழைய மீன்கள் பிடிபட்டுத் தீர்ந்துகொண்டே வந்தன. புது மீன் ஒன்றும் வரவில்லை. வளைந்த குஞ்சுகள் பிறந்த நாளிலிருந்து சுற்றிச் சுற்றி, முன்னால் நிற்கிற இரையைக்கூட எட்டிப் பிடிக்க முடியாமல், சுற்றியபடியே செத்து அடியில் விழுந்தன. அவற்றுக்குப் பதிலாக அடுத்த மழைக்கு அடுத்த குஞ்சுகள் வளைந்து பிறந்தன. அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், "ஆனா நல்லாத்தானேம்மா சுத்துது," என்றார்கள்.

ஒரு நாள் அவள் குஞ்சுகளைச் செம்பில் எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் மீன் ஆபீசுக்கு பஸ் ஏறினாள். வழி முழுக்கச் செம்பு மடியில் சுற்றிச் சுற்றிச் சேலையை முறுக்கியது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஆவுடைப்பேரியா?" என்றார். ஆமா என்றாள். "எங்க வீட்டுக்காரியும் வரணும்னு சொல்லிட்டே இருக்கா, ட்யூபுக்கு," என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆபீசில் அருளப்பன் என்று ஒரு ஆய்வாளர் இருந்தார். நல்ல மனுஷன். குஞ்சை ஒரு கண்ணாடிச் சில்லில் வைத்து, லென்சுக்கு அடியில் தள்ளி, தானும் பார்த்து அவளையும் பார்க்கச் சொன்னார். உள்ளே முதுகுத்தண்டு மயிரிழை மாதிரி தெரிந்தது. கொக்கி மாதிரி வளைந்திருந்தது. வயிற்றடியில் மஞ்சள் கரு வீங்கித் தொங்கியது.

"மீன் முட்டைக்குக் கோழி முட்டை மாதிரி ஓடு கிடையாதும்மா," என்றார். "தண்ணியில என்ன இருக்கோ அது உள்ள போயிரும். தண்டும் கண்ணும் உருவாகிற நேரத்துல மருந்து போச்சுன்னா இப்படித்தான் பிறக்கும். பெரிய மீன் தாங்கிக்கிடும். இதுங்க தாங்காது. வயித்துல இருக்கிற கரு தீர்ற வரைக்கும் உயிரோட இருக்கும், அவ்வளவுதான்."

"அப்போ நீங்க வந்து ஊர்ல சொல்லுங்க சார். நான் சொன்னா பைத்தியம், கோட்டிக்காரிங்காவ."

"சொல்றேன். ஆனா மருந்து அடிக்கச் சொல்றதும் வேண்டாம்கிறதும் உங்க ஊர்தான். கிராம சபையில தீர்மானம் போட்டா நின்னுரும்."

சொன்னபடியே அருளப்பன் வந்தார். குளத்தங்கரையில் நின்று, லென்சைக் கொடுத்துக் குஞ்சைப் பார்க்கச் சொல்லி, கூடியவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பூசாரி அவருக்கு ஒரு மாலையைப் போட்டார், யாரோ ட்யூபைப் பிடித்துக்கொண்டார்கள், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஏற்றித் தள்ளிவிட்டார்கள். அவர் பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டு போவதை உலகம்மாள் கரையில் நின்று பார்த்தாள். திரும்பி வந்து இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது. அதற்காக அவருக்கே வெட்கமாகவும் இருந்தது. அவள் பக்கம் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த உலகம்மாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நம்பிராசன் இன்னொரு செய்தியோடு வந்தான். ட்யூப்காரர்களை ஏற்றி இறக்கி விடுகிற வேலைக்குக் கோயிலில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"போகப் போறியளா?"

"வல கயிறாப் போச்சு. கயித்த வச்சிக்கிட்டு என்ன செய்யச் சொல்லுத? தூக்குப் போடவா?"

"செத்த குஞ்சு மேல ஆள ஏத்திச் சுத்த விடுத வேல அது."

"நீ ஒருத்தி தான் அதக் குஞ்சுன்னு சொல்லுத. ஊரு முழுக்க அதக் குளமாத்தான் பாக்கு," என்று சொல்லிவிட்டு அவனே போய் உலையை வைத்தான்.

தை கழிந்து மழை நின்று, வெயில் ஏறி, மீன் முட்டை போடாத மாதங்கள் வந்தன. சுற்றக் குஞ்சு இல்லாமல் குளம் தளர்ந்தது. சோப்பு டப்பா திரும்பி வர ஒரு பகல் பிடித்தது, பிறகு வரவே இல்லை. சக்கரம் முனகி முனகி நின்றது. மேட்டுத் தெரு வாய்க்கால் வெடித்தது. ஓரங்களில் ஆகாயத்தாமரை ஒன்றிரண்டு பச்சைத் தலைகளை நீட்டியது. ஊர் கவலைப்பட்டது; குளத்துக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தார்கள். உலகம்மாளுக்கு மட்டும் மனசுக்குள் ஒரு நிம்மதி. மருந்து கரைந்து போயிருக்கும், அடுத்த மழைக்குக் குஞ்சு நேராகப் பிறக்கும் என்று நினைத்தாள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபை கூடியது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும், குளம் சுற்றுவதற்காக இந்தப் புரட்டாசியிலும் மருந்து அடிப்பது என்ற தீர்மானத்தை வாசித்தார்கள். உலகம்மாள் எழுந்து நின்றாள்.

"அது சுத்தல," என்றாள். "அதுக்குள்ள குஞ்சுக சாகுத வரைக்கும் தவிக்குது. நேராப் போக முடியாத பிள்ளைய எல்லாம் ஒண்ணாச் சேத்து ஓட விட்டா, நீங்க தேர் ஓடுதுங்கியளா? இந்த ஊர்ல மீன் தின்னு எத்தன நாளாச்சு, யாராவது சொல்லுங்க பாப்போம்."

பஞ்சாயத்துத் தலைவர் செண்பகவல்லி நாற்காலியிலிருந்து எழுந்தாள். மேட்டுத் தெருக்காரி, குடத்தைத் தூக்கித் தூக்கித் தோளெலும்பு ஒரு பக்கம் இறங்கினவள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் உலகம்மாளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"உலகம்மா, நீ சொல்லுத எல்லாம் உண்மைதான். நானும் அந்த லென்சுல பாத்தேன். பாவமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இத்தன வருஷமா நாங்க கீழ எறங்கித் தண்ணி எடுத்தப்போ ஒன் தெரு பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு? அப்போ யாரும் சபையில எந்திரிச்சு நிக்கலியே. போன மழைக்குத்தான் மொத மொதலா எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. அத இனி வரவிடாதன்னு எங்கிட்டயே கேக்குத."

செண்பகவல்லி சொன்னதிலும் பொய் இல்லை. எதிரில் நிற்கிறவள் அநியாயம் பேசினால் கத்தலாம், நியாயம் பேசுகிறவளிடம் எதைக் கத்துவது.

"மோட்டார் கேளுங்க யக்கா," என்றாள் உலகம்மாள் கடைசியில். "மேட்டுக்கு மோட்டார் வச்சித் தரச் சொல்லி எல்லாருமாப் போயிக் கேப்போம். நானும் வாரேன்."

"கேட்டுக் கேட்டுத்தான் என் தல நரச்சுச்சு," என்றாள் செண்பகவல்லி, உட்கார்ந்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கிய கைகளில் மஞ்சள் கயிறு கட்டின ஒரு கை நம்பிராசனுடையது. கோயில் வேலைக்காரர்களுக்கு அந்தக் கயிறு கட்டியிருந்தார்கள். அவன் அவளைப் பார்க்காமல், ஆனால் முழுக்கவே தூக்கினான்.

உலகம்மாள் மறுநாள் காலையில் தெப்பத்தை இறக்கி, மிச்சமிருந்த கெட்டி வலையைக் கொண்டுபோய், ஓரத்துச் செடிக்குள் பதுங்கிக்கிடந்த ஒரு சோடி விராலைப் பிடித்தாள். விற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற பெரிய சிமென்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அதில் விட்டாள். விரால் கூடு கட்டச் செடி வேண்டும். இத்தனை வருஷம் கரித்துக்கொட்டிய ஆகாயத்தாமரையில் ஒரு கை பிடுங்கி வந்து தொட்டியில் போட்டாள்.

புரட்டாசியில் படகு வந்தது, மருந்து அடித்தது. ஐப்பசி மழைக்குக் குளம் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. அதே மழைக்குத் தொட்டியில் விரால் முட்டை போட்டது. செடியடியில் சிவப்புப் பந்து ஒன்று திரண்டு, அசைந்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, கோடு போட்ட மாதிரி, நேராகப் போயிற்று. உலகம்மாள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இது சும்மா போகுது?" என்றார்கள்.

குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்தன. இடம் பற்றாமல் ஒன்றை ஒன்று கடித்தன. தொட்டியில் வைத்திருக்க முடியாது, ஊர்க் குளத்தில் விடவும் முடியாது. பிளாஸ்டிக் குடத்தில் அள்ளி, வாயில் ஈரத்துணி கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியவளை நம்பிராசன் மறித்தான்.

"எங்கட்டி போற?"

"சுத்தாத தண்ணிக்கு."

அவன் குடத்தைப் பார்த்தான். பிறகு போய் வண்டியை எடுத்து வந்தான். "ஏறு. நடந்து போயிச் சேருததுக்குள்ள வெந்துரும் எல்லாம்."

பழைய மொபெட்டில், இரண்டு பேருக்கும் நடுவில் குடம். பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போனார்கள். அது சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த ஊரிலும் சுற்றியது. அங்கே சக்கரத்துக்குச் சந்தனம் பூசிப் பூ சுற்றியிருந்தார்கள். ஆவுடைப்பேரியை வந்து பார்த்துவிட்டுப் போன ஊரெல்லாம் தங்கள் குளத்துக்கும் மருந்து அடித்திருந்தன. கரைக்குக் கரை ட்யூப், கரைக்குக் கரை கூப்பிய கைகள். எங்கே வண்டி நின்றாலும் ஆட்கள் வந்து, எங்க குளம் உங்க குளத்தைவிட வேகம், பாத்தியளா என்று கேட்டார்கள். உலகம்மாள் குடத்தின் துணியை நனைத்துவிட்டு, போங்க போங்க என்று அவன் முதுகில் குத்தினாள்.

"இதுக்குத்தான் கையத் தூக்குனியளா?" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

"நான் ஒருத்தன் தூக்கலன்னா நின்னுருக்குமா?" என்று அவன் முன்னாலிருந்து கத்தினான்.

"நின்னுருக்காது. எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்துருக்கும்."

அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். தார் ரோடு முடிந்து செம்மண் பாதை வந்தது. குடத்தில் சில குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதக்க ஆரம்பித்திருந்தன.

வெயில் சாய்கிற வேளையில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு சின்ன ஊரின் கரையில் அவன் வண்டியை நிறுத்தினான். அந்தக் குளம் சுற்றவில்லை. சுற்றுவதற்குத் தண்ணீர் தெரியவேண்டுமே. கரையோடு கரையாக ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது, ஊதாப்பூ வேறு பூத்திருந்தது. உலகம்மாள் கரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் செடியை விலக்கி, தெரிந்த கறுப்புத் தண்ணீரில் குடத்தைச் சாய்த்தாள். குஞ்சுகள் ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு நேராக உள்ளே போய்விட்டன. செடி திரும்பி மூடிக்கொண்டது.

அந்த ஊர்க்காரர்கள் சிலர் வந்து சுற்றி நின்றார்கள். ஆவுடைப்பேரி என்று கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது.

"அங்க மருந்து அடிச்ச காண்ட்ராக்டர உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இந்தச் சவத்துச் செடியால மாடு செத்துப்போச்சு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தீரல. அவுகள ஒரு மட்டம் இங்க வரச் சொன்னியன்னா..."

உலகம்மாளுக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது. கத்துவாள் என்று நம்பிராசன் நினைத்தான். அவள் கத்தவில்லை. காலிக் குடத்தைக் கரையில் வைத்தாள், சேலையை வரிந்து கட்டினாள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள், கைக்கு எட்டின செடியை வேரோடு பிடித்து இழுத்தாள். தாடி மாதிரி வேர் தொங்க, கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, அதைக் கரையில் எறிந்தாள். அடுத்ததை இழுத்தாள். ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இழுக்க இழுக்கப் பக்கத்துச் செடி நகர்ந்து வந்து அந்த இடத்தை அடைத்தது. அதையும் இழுத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு என்ன கோட்டியா? வேற ஊருக் குளம்," என்றான் நம்பிராசன். "கையால பிடுங்கி இது என்னைக்கு முடியும்?"

"முடியாது," என்றாள் அவள், திரும்பாமல். "எறங்குங்க."

அவன் அந்தப் பெரியவரைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். கையிலிருந்த மஞ்சள் கயிறு நனையுமே என்று ஒரு தரம் யோசித்தான். பிறகு சவம், சவம் என்று முணுமுணுத்துக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் குளிர்ந்ததற்கு அவளைத் திட்டினான், காலில் சேறு வழுக்கியதற்கு அவளைத் திட்டினான், திட்டிக்கொண்டே அவள் விட்ட இடத்துச் செடியைப் பிடித்து இழுத்தான். கரையில் நின்றவர்கள் யாரும் இறங்கவில்லை; ஒரு பெண் மட்டும் குனிந்து, எறிந்த செடி உருண்டு மறுபடி தண்ணீருக்குள் விழாமல் காலால் தள்ளிவிட்டாள். பொழுது அடையும்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. அது அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றி, கண் எட்டுகிற வரைக்கும், பச்சை.